பன்னெண்டு செவப்பு ஸ்டூல்

காலை இப்படி நீட்டிக்கிட்டா உங்களுக்கு இடைஞ்சலாம்மா? இடைஞ்சல்னா சொல்லிருங்க, மடக்கிக்கிடுதேன். மடக்கினா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், அவ்வளவுதான். ஆக்சிடெண்டு எல்லாம் இல்லம்மா. பாக்கிறவுக எல்லாரும் அப்படித்தான் கேக்காவ, வண்டியில இருந்து விழுந்துட்டீங்களான்னு. நரம்பு. நின்னு நின்னு கால் நரம்பு பொடைச்சு, ஒரு நாள் வெடிச்சிட்டு. அஞ்சு மாசமாச்சு, புண்ணு ஆற மாட்டேங்கு.

நீங்க டீச்சரா? ஓ, போஸ்ட் ஆபீஸா. அப்ப கெவுருமெண்டு ஆளு. உங்ககிட்டயே கேக்கேன். நான் பேசினதுல என்ன தப்புன்னு நீங்க சொல்லுங்க. இந்த பஸ்ஸு ஏரல் போக இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. யார்கிட்டயாவது கேக்கணும்னுதான் காலையில இருந்து மனசு அடிச்சிக்கிடுது.

என் பேரு சண்முகக்கனி. கடையில கனியக்கா. டவுன்ல தேரடிப் பக்கத்துல ஒரு பெரிய ஜவுளிக்கடை இருக்குல்லா, நாலு மாடி, வாசல்ல பன்னீர் தெளிக்கிற பொம்மை நிக்கும். அங்கதான் இருபத்தொரு வருசம். ரெண்டாவது மாடி, சேலை செக்ஷன், முழுக்க என் பொறுப்பு. பதினெட்டுப் பிள்ளைய என் கைக்குக் கீழ. பொறுப்புன்னா சும்மா இல்லம்மா. எவ எத்தனை மணிக்கு வந்தா, எவ சிரிக்கா, எவ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா, எல்லாம் நான்தான் பாக்கணும். பாத்ரூம் போக மாடிக்கு ஒரு மரக்கட்டை டோக்கன் உண்டு. அதுவும் என்கிட்டத்தான். ஒருத்தி போய்ட்டு வந்து குடுத்தாத்தான் அடுத்தவ போகலாம். ஆனா நான் ஒரு நாளும் எவளையும் மறிச்சதில்ல. பத்து நிமிசத்துக்கு மேல ஆனா மட்டும்தான் கதவைத் தட்டுவேன். என்னை மாதிரி ஒருத்தி கிடைக்கணும்லா அவளுகளுக்கு?

மொதலாளி அண்ணாச்சி கடைக்கு ஒரு சட்டம் வச்சிருந்தாவ. வேலை நேரத்துல உட்காரக் கூடாது. சுவத்துல சாயக் கூடாது. அதுக்குக் காரணம் உண்டும்மா. கஸ்டமர் படியேறி வாரப்ப, பிள்ளைய எல்லாம் நின்னுக்கிட்டு கும்பிட்டு வாங்கன்னு சொன்னாத்தான வாங்கணும்னு தோணும்? உட்கார்ந்து கிடந்தா எழவு வீடு மாதிரி இருக்கும். காலையில ஒன்பதரைக்கு ஏறினா ராத்திரி ஒன்பதரை. சாப்பாட்டுக்கு இருபது நிமிசம், அதுல உட்காரலாம். நான் சேர்ந்த அன்னைல இருந்து அப்படித்தான். இருபத்தொரு வருசத்துல ஒரு நாள் நான் அந்த மாடியில உட்கார்ந்தேன்னு ஒருத்தர் சொல்லட்டும் பாப்போம்.

மேனேஜர் பேரு வைகுண்டமணி. அவிய கீழ ரூம்ல இருந்து கேமராவுல பாப்பாவ. கடையில பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு பாட்டு நிக்கும், ஒரு இருமல் கேக்கும். எல்லாருக்கும் தெரிஞ்சிரும், சார் மைக்கைப் பிடிச்சிட்டாவன்னு. "ரெண்டாவது மாடி, தூண் பக்கம், சாயாத." அவ்வளவுதான் சொல்லுவாவ. பேரைச் சொல்லி அசிங்கப்படுத்த மாட்டாவ. அந்த மரியாதை உண்டு அவுககிட்ட.

இப்படி ஒழுங்கா போய்க்கிட்டு இருந்த கடைம்மா. அப்பத்தான் இந்த கெவுருமெண்டு ஒரு சட்டம் போட்டுது. கடையில வேலை பாக்கிறவுக எல்லாருக்கும் உட்கார இடம் குடுக்கணும்னு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டிவியில வந்துது. சட்டம் போடுறவுக உட்கார்ந்துக்கிட்டுப் போட்டுட்டாவ. சேலை விக்கிறது யாரு?

ஆனா அண்ணாச்சி சட்டத்தை மதிக்கிறவுக. மறு வாரமே எங்க மாடிக்குப் பன்னெண்டு ஸ்டூல் வந்து இறங்கிச்சு. செவப்பு பிளாஸ்டிக்கு. பிள்ளையள வரிசையா உட்கார வச்சு போட்டோ எடுத்தாவ. எல்லாரும் சிரிச்சாளுவ. அந்த போட்டோ இன்னும் கடை ஃபைல்ல இருக்கு, நான் பாத்திருக்கேன். போட்டோ எடுத்து முடிச்சதும் மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டு, "கனி, இதெல்லாம் பத்திரமா வை. இன்ஸ்பெக்டர் வாரப்ப வேணும்"னாவ. லிஃப்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் இருக்கு, அதுல அடுக்கிப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். வெளிய கிடந்தா கஸ்டமர் பிள்ளைய ஏறி மிதிச்சு ஒடைச்சிரும்லா?

பிள்ளையகிட்ட நான் தெளிவாத்தான் சொன்னேன். ஏட்டி, உட்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. யாவாரம் இல்லாத நேரம் தாராளமா உட்காரலாம். ஆனா கடையில யாவாரம் இல்லாத நேரம்னு ஒண்ணு உண்டா? யாராவது வந்துக்கிட்டேதான இருப்பாவ. அப்படிச் சொன்னதும் எல்லாரும் புரிஞ்சிக்கிட்டாளுவ. மூணு வருசம் ஒருத்தி வாயத் தொறக்கல. சாவி என் இடுப்புல. ஸ்டூல் புத்தம் புதுசு.

இந்த ஜெபராணிதான் ஆரம்பிச்சா.

முதலூர்ப் பக்கம் அவளுக்கு. இருபத்தேழு வயசு. ரெண்டு வருசம் காலேஜ் போனவ. வேலையில ஒரு குறை சொல்ல முடியாதும்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். விரிச்ச பட்டுச் சேலைய நாலே மடிப்புல பழையபடி ஆக்கிருவா. நானே அவளை என் எடத்துக்குக் கொண்டு வரணும்னு நினைச்சிருந்தேன். எனக்கு அவ மேல கோவமே கிடையாது. இப்பவும் கிடையாது.

போன பங்குனி. வெயில்னா வெயில், ரோட்டுல நாய் கூட இல்ல. மதியம் ரெண்டரை மணிக்கு மாடியில ஒரு கஸ்டமர் இல்ல. இவ நேரா என்கிட்ட வந்து கைய நீட்டுதா.

"அக்கா, சாவி தாங்க."

"எதுக்குட்டி?"

"உட்கார."

எனக்கு சிரிப்பு வந்துட்டு. பாத்ரூம் டோக்கன் கேப்பாளுவ, தலைவலி மாத்திரை கேப்பாளுவ. ஸ்டூல் சாவிய அது வரைக்கும் யாரும் கேட்டதில்ல. "போட்டி, போய் மடிச்ச சேலைய அடுக்கு"ன்னேன். அவ போனா. கஸ்டமர் உட்காருற மெத்தை விரிச்ச மேடை இருக்குல்லா, அதுல போய் உட்கார்ந்துட்டா. கால ரெண்டையும் தொங்கப் போட்டுக்கிட்டு.

பாட்டு நின்னுது. இருமல் கேட்டுது. "ரெண்டாவது மாடி, நாலாவது மேடை. எந்திரி."

இவ எந்திரிக்கல. கேமராவ நிமுந்து பாத்து, "சார், யாவாரம் இல்ல. யாராவது வந்தா எந்திரிச்சிருவேன்"னு சொல்லுதா. கேமராவுக்குக் காது கேக்காதும்மா. ஆனா எங்களுக்குக் கேட்டுது. ஓடிப்போய் கையப் பிடிச்சு இழுத்தேன். "ஏளா, என் வேலைக்கு உலை வைக்காதட்டி"ன்னு கெஞ்சினேன். "அக்கா, உங்களுக்கும் சேத்துதான் சட்டம்"னா. எனக்கு எதுக்கு? நான் கேட்டேனா?

ஒரு நாளோட விட்டாளா? நாலு நாள். அஞ்சாம் நாள் பாக்கேன், முப்பிடாதியும் பக்கத்துல உட்கார்ந்திருக்கா. முப்பிடாதி யாரு? நான் கொண்டாந்து சேத்து விட்டவ. எங்க ஊருக்காரி. வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாது. அவளே உட்கார்ந்துட்டா பாத்துக்கிடுங்க.

அன்னைக்கு சாயங்காலம் மேனேஜர் சார் கூப்பிட்டு விட்டாவ. கோவப்படலம்மா. மெதுவாத்தான் சொன்னாவ. "கனி, உன் மாடியில உன் பேச்சு எடுபடலைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்." இருபத்தொரு வருசத்துல எனக்கு அந்த வார்த்தை வந்தது கிடையாது. மேசையில ஒரு பேப்பர் இருந்துது, டைப் அடிச்சது. ஜெபராணி கஸ்டமர்கிட்ட மரியாதை இல்லாம நடந்துக்கிட்டா, செக்ஷன் பொறுப்பாளர் புகார் குடுத்திருக்காவன்னு. கையெழுத்துப் போடச் சொன்னாவ. போட்டேன்.

அப்படிப் பாக்காதீங்கம்மா. அது பொய்யும் இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு அம்மா வந்து, இந்தப் பிள்ளை சிரிக்க மாட்டேங்குன்னு என்கிட்ட சொல்லிச்சு. அது புகார்தான? எழுதினது நான் இல்ல. கையெழுத்துதான் என்னுது.

மறுநாளே அவளை நிப்பாட்டிட்டாவ. பையை எடுத்துக்கிட்டு இறங்கும்போது படியில நின்னு, "அக்கா, நீங்களா?"ன்னு கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல. நான், "போய் நல்லா இரு"ன்னேன். வேற என்ன சொல்ல? அவ போன பிறகு மாடி பழையபடி ஆயிட்டு. முப்பிடாதி நின்னா. எல்லாரும் நின்னாளுவ.

இவ வீட்டுல கிடந்தாளா? நேரா லேபர் ஆபீஸ். உட்கார்ந்ததுக்காக வேலையில இருந்து எடுத்துட்டாவன்னு மனு. ஆடி மாசம் ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாவ, சின்ன வயசு, பைக்குல. கீழ அண்ணாச்சி ரூம்ல காப்பி குடிக்கிற நேரத்துக்குள்ள நான் பன்னெண்டு ஸ்டூலையும் எடுத்துப் போட்டுட்டேன். அவிய வந்து பாத்தாவ, எண்ணினாவ, கீழ குனிஞ்சு ஒரு ஸ்டூலைத் தடவிப் பாத்தாவ. "மூணு வருசத்து ஸ்டூல்ல ஒரு கீறல் கூட இல்லையே"ன்னாவ. "நாங்க சுத்தமா வச்சிக்கிடுவோம் சார்"னேன். அவிய என்னைப் பாத்துட்டு எதையோ எழுதிக்கிட்டுப் போயிட்டாவ. மேனேஜர் சார் என்னைப் பாத்து தலைய ஆட்டினாவ. எனக்கு அன்னைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அப்புறம் தீபாவளி. தீபாவளிக்கு முன்னாடி ஒரு மாசம் எங்களுக்கு மனுச வாழ்க்கை கிடையாது. ஞாயித்துக்கிழமை லீவும் கிடையாது. காலு ரெண்டும் வீங்கி, மெட்டி கழட்ட முடியாது. கெண்டைக்கால்ல நரம்பு புழு மாதிரி சுருண்டு கிடக்கும். நான் சேலையக் கொஞ்சம் எறக்கிக் கட்டிக்கிடுவேன், வெளிய தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், நான் ஒருத்தி மட்டுமா?

தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி, மதியம். ஒரு கல்யாண கோஷ்டி, பத்துப் பேர், மேடை முழுக்க பட்டு விரிச்சுக் கெடக்கு. கால்ல ஏதோ வெதுவெதுன்னு வழியுது. யாரோ தண்ணி பாட்டிலைக் கொட்டிட்டாவன்னு நினைச்சேன். குனிஞ்சு பாத்தா ரத்தம். தரையில ஓடுது. வலியே இல்லம்மா, அதான் அதிசயம். கல்யாணப் பொண்ணோட அம்மா அலறிட்டாவ. பாட்டு நின்னுது. மைக்குல, "சேலைய எடுங்க, மொதல்ல சேலைய எடுங்க"ன்னு சத்தம். சரிதான, ஒவ்வொண்ணும் முப்பதாயிரம், நாப்பதாயிரம். நானும் ஒரு சேலைய எடுத்து மடிக்கத்தான் பாத்தேன். முப்பிடாதி ஓடி வந்து அவ தாவணிய உருவி என் கால்ல கட்டினா. யாரோ, "ஸ்டூலு, ஸ்டூலு கொண்டாங்க"ன்னு கத்துதாளுவ. ரூம் பூட்டிக் கெடக்கு. சாவி என் இடுப்புல. அதைச் சொல்லுததுக்குள்ள கண்ணு இருட்டிட்டு.

ஆஸ்பத்திரியில டாக்டர் ரெண்டே கேள்விதான் கேட்டாவ. "என்ன வேலை?" ஜவுளிக்கடைன்னேன். "எத்தனை வருசம்?" சொன்னேன். மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து கால உயர்த்தி வைக்கணும்னாவ. எனக்கு சிரிப்பா வந்துது.

அண்ணாச்சி நல்லவுகம்மா. ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் குடுத்து விட்டாவ. புண்ணு ஆறட்டும், மெதுவா வரட்டும்னு சொன்னாவளாம். எம் மக கல்யாணத்துக்கு கிரைண்டர் வாங்கிக் குடுத்தவுக. எம் மக என்ன சொல்லுதா தெரியுமா? "அந்த கிரைண்டருக்கு ஒங்கால குடுத்திட்டு வந்திருக்க"ங்கா. படிச்ச திமிரு.

கார்த்திகையில மேனேஜர் சார் கார் எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்தாவ. எங்க தெருவுக்குள்ள கார் வாரதே அபூர்வம். லேபர் ஆபீஸ்ல ஜெபராணி கேஸ் விசாரணை, நீ வந்து சாட்சி சொல்லணும்னாவ. "என்ன சொல்லணும் சார்?"னேன். "உள்ளதைச் சொல்லு. ஸ்டூல் இருக்கு, எல்லாரும் உட்காருவாங்க. அந்தப் பிள்ளை கஸ்டமரை மதிக்கல, அதுக்குத்தான் எடுத்தோம். இது முடிஞ்சதும் நீ பழையபடி வந்துரு, ஒன் எடம் ஒனக்குத்தான்"னாவ. அந்த ஒரு வார்த்தை போதும்லாம்மா? வீட்டுல காலத் தூக்கி வச்சிக்கிட்டு சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்க எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருந்துது.

அந்த ரூம் சின்ன ரூமு. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி மேடம், கண்ணாடி போட்டு, ரொம்ப மெதுவாப் பேசுறவுக. இந்தப் பக்கம் மேனேஜர் சாரும் கடை வக்கீலும். தள்ளி ஜெபராணி, தனியா வந்திருந்தா. என்னைப் பாத்ததும் என் கால்கட்டத்தான் பாத்தா. அவளுக்குக் காலு வெடிச்சது தெரியாது போல. மூஞ்சி மாறிட்டு. இன்னும் ரெண்டு நாற்காலி சும்மா கிடந்துது.

"உட்காருங்கம்மா"ன்னாவ மேடம்.

"இருக்கட்டும் மேடம்"னேன்.

கேள்வி கேட்டாவ. எத்தனை ஸ்டூல்? பன்னெண்டு மேடம். எப்ப வாங்கினது? சொன்னேன். ஊழியர்கள் அதுல உட்காருவாங்களா? எல்லாரும் உட்காருவாவ மேடம். நீங்க? நானும் உட்காருவேன் மேடம். எப்பெப்ப உட்காருவீங்க? யாவாரம் இல்லாத நேரம் மேடம். ஒரு வார்த்தை தடுமாறல. வக்கீல் சார் கூட தலைய ஆட்டிக்கிட்டாவ. மேடம் நடுவுல பேனாவை வச்சிட்டு, "கால் கட்டுல ஈரம் தெரியுதே, உட்காருங்கம்மா"ன்னாவ. "பரவால்ல மேடம், பழக்கம்தான்"னேன்.

அப்புறம் அந்தப் புகார். கஸ்டமர் பேரு என்ன? தெரியாது மேடம். என்னைக்கு வந்தாங்க? ஞாபகம் இல்ல மேடம். என்ன சொன்னாங்க? இந்தப் பிள்ளை சிரிக்கலைன்னு சொன்னாவ மேடம். மேடம் அதையும் எழுதினாவ. எனக்கு கால் நடுங்க ஆரம்பிச்சிட்டு. மேசை ஓரத்தைப் பிடிச்சிக்கிட்டேன்.

மூணாவது தடவை மேடம் நிமுந்து, "ஏம்மா உட்கார மாட்டேங்கிறீங்க? இது என் ரூம். நான்தான சொல்றேன்?"னாவ.

நான் மேனேஜர் சாரைப் பாத்தேன். வேணும்னு பாக்கலம்மா, கண்ணு தானாப் போயிட்டு. "சார் இருக்காவல்லா மேடம்"னேன்.

மேனேஜர் சாருக்கு மூஞ்சி செவந்துட்டு. "உட்காரு கனி, உட்காரு, உட்காரு"ன்னு அவசரமாச் சொன்னாவ. சொன்னதும் உட்கார்ந்துட்டேன். அப்பா, என்ன சுகமா இருந்துது தெரியுமா.

மேடம் கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாவ. பிறகு நாலஞ்சு வரி எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டினாவ. எனக்கு அது மனப்பாடம் ஆயிட்டு. 'சாட்சி காலில் கட்டுடன் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே வாக்குமூலம் அளித்தார். மூன்று முறை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடையின் மேலாளர் சொன்ன பின்னரே உட்கார்ந்தார்.'

"இது எதுக்கு மேடம்? கேஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டேன்.

"நடந்ததுதானம்மா?"

நடந்ததுதான். இல்லைன்னு எப்படிச் சொல்ல? கையெழுத்துப் போட்டேன்.

வெளிய வாரப்ப மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டினாவ. உங்க காலு வேலையால போனது, வைத்தியத்துக்கும் விடுப்புக்கும் கடைதான் பொறுப்பு, இதைப் பூர்த்தி பண்ணிக் குடுங்க, நாங்க பாக்கோம்னாவ. அண்ணாச்சி மேல நான் மனு குடுக்கவா? அவுக உப்பைத் தின்னவம்மா நான். மடிச்சுப் பையில வச்சிக்கிட்டேன், மரியாதைக்கு. வாசல்ல ஜெபராணி நின்னா. திட்டுவான்னு பாத்தேன். "அக்கா, ஆட்டோ கூப்பிடவா?"ன்னா. நான் வேண்டாம்னுட்டேன்.

மாசியில ஆர்டர் வந்துட்டு. ஜெபராணிய திருப்பி வேலையில சேக்கணும். ஒவ்வொரு மேடைக்கும் பக்கத்துல ஸ்டூல் எப்பவும் வெளிய கிடக்கணும். மேனேஜர் சார் போன்ல கத்தினாவ. "கெடுத்துட்டியே கனி. ஒன் வாயால கெட்டுது எல்லாம்"னாவ. நான் என்னம்மா கெடுத்தேன்? ஸ்டூல் இருக்குன்னு சொன்னேன். உட்காருவாவன்னு சொன்னேன். அவுக சொல்லச் சொன்னதைத்தான் ஒரு எழுத்து மாறாமச் சொன்னேன். நான் பேசினதுல எந்த வார்த்தை தப்பு? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. நீங்களும் அந்த மேடம் மாதிரி பேசாம பாத்தா எப்படி?

சரி, நேர்ல போய் அண்ணாச்சியப் பாத்து விளக்கிச் சொல்லிருவோம்னுதான் இன்னைக்குப் போனேன். பத்து மணிக்குப் போனவ. ஆபீஸ் ரூம் வாசல்ல நின்னேன். பன்னெண்டரை வரைக்கும் நின்னேன். அண்ணாச்சி வெளிய வந்தாவ, கார்ல ஏறிப் போனாவ. என்னைப் பாத்தாவளா பாக்கலையான்னு தெரியல. கண்ணு சரியாத் தெரியாது அவுகளுக்கு இப்பல்லாம். மேனேஜர் சார் வந்து, "ஒன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு கனி. நீ ஒடம்பைப் பாத்துக்கோ"ன்னாவ. நிக்கச் சொன்னா இப்பவும் நிப்பேன் சார்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாவ.

வந்தது வந்தோம், பிள்ளையளப் பாத்துட்டுப் போவோம்னு மாடி ஏறினேன். லிஃப்டு கஸ்டமருக்குத்தான். படியில ஒவ்வொண்ணாப் பிடிச்சு ஏறினேன். மேல போய்ப் பாக்கேன், கஸ்டமர் ஒருத்தர் இல்ல, மதிய நேரம். பிள்ளைய அங்கங்க ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காளுவ. ஒருத்தி பூ கட்டுதா. ஒருத்தி செருப்பைக் கழட்டிட்டுப் பாதத்தைத் தேய்ச்சிக்கிட்டு இருக்கா. பாட்டு ஓடுது.

என்னைப் பாத்தாளுவ பாருங்க, அத்தனை பேரும் சடார்னு எந்திரிச்சிட்டாளுவ. முப்பிடாதி ஸ்டூலைத் தட்டி விட்டு எந்திரிச்சா, அது உருண்டு போகுது. பூ கட்டினவ பூவைப் பின்னால ஒளிக்கா. எனக்குச் சொல்ல வரல, ஏளா உட்காருங்கன்னு. ஒரு வார்த்தைதான? வாய் வரல. இருபத்தொரு வருசத்துல நான் அதை யார்கிட்டயும் சொன்னதில்ல, அதனாலயோ என்னவோ.

ஜெபராணி மட்டும் பதறல. மெதுவா எந்திரிச்சு, அவ உட்கார்ந்திருந்த ஸ்டூலை எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல போட்டா. "படியேறி வந்திருக்கீங்க. உட்காருங்கக்கா"ன்னா. பதினேழு பிள்ளையும் என்னையே பாக்குது. நான் உட்கார்ந்தாத்தான் அவளுக உட்காருவாளுக போல.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுட்டி"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.

பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்துதும்மா.